விளக்கியவர் வாக்குக் கேட்டபோது

மக்களுக்கு உலக நடப்பை விளக்குவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், பின்னொருநாள் அதே மக்களிடம் வாக்குக் கேட்டு வரலாமா? சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆயினும், எதையும் கேளாத நாட்களில் சேர்ந்த நம்பிக்கையைக் கேட்கும் நாளில் செலவழிப்பது அறமா என்று நாம் யோசிக்கவே வேண்டியிருக்கிறது.

கியூபெக்கின் ரெனே லெவெக்கை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் 1959 வரை ரேடியோ-கனடா தொலைக்காட்சியில் 'புவான் து மீர்' என்ற நிகழ்ச்சியை நடத்தியவர். கரும்பலகை, தேசப்படம், கையில் ஒரு சுட்டுகோல். சுயெஸ் நெருக்கடியையும் அல்ஜீரியப் போரையும் சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு இவற்றைக் கொண்டே விளங்கவைத்தார். 1958இன் இறுதியில் அந்நிறுவனத்தின் மொன்றியல் தயாரிப்பாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஒட்டாவாவின் அலட்சியம் அவரைச் சுட்டது. 1960 ஜூனில் லிபரல் கட்சி சார்பில் மாகாணச் சட்டசபைக்குத் தெரிவாகி, அமைச்சருமானார்.

1962 தேர்தலில் தனியார் மின்சாரக் கம்பனிகளை அரசுடைமையாக்குவதே முக்கிய விடயம். லெவெக் தமது பழைய பாணியிலேயே, பலகையும் புள்ளிவிபரமுமாக விளக்கினார். மக்கள் ஏற்றனர். 1963இல் 11 கம்பனிகள் அரசின் கைக்கு வந்தன. நன்மையான காரியந்தான். எனினும் அதே குரல், அதே சுட்டுகோல். இம்முறை அதன் நுனியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது.

1968இல் கியூபெக் கட்சியை நிறுவி, 1976இல் மாகாணத்தின் முதல்வரானார். 1980 மே மாதத்தில் சர்வசன வாக்கெடுப்பு. தெளிவுக்குப் பெயர்பெற்றவரின் அரசு முன்வைத்த வினாவோ நீண்டு வளைந்தது. பிரிவதா என்று அது நேராகக் கேட்கவில்லை. இறைமையும் பொருளாதார இணைப்பும் கொண்ட ஏற்பாடொன்றைக் கனடாவுடன் பேசுவதற்கு ஆணை கேட்டது. கேட்பவராக மாறியவருக்கு விளக்குவது எவ்வளவு கடினமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஏறத்தாழ 60 வீதத்தினர் 'இல்லை' என்றனர். அன்றிரவே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுவருடம், 1981இல், அதே மக்கள் அவரையே மீண்டும் ஆட்சியில் இருத்தினர். மனிதரை நம்புவதும் அவர் கேட்பதைக் கொடுப்பதும் வெவ்வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்சிகளுக்கு நிறுவனங்கள் பணம் கொடுக்கலாகாது, வாக்காளர் மட்டுமே கொடுக்கலாம் என்ற 1977ஆம் ஆண்டுச் சட்டமும் அவரது அரசு இயற்றியதே. லெவெக் தமது கட்சியைச் சொல்லியே கேட்டார்; மறுக்கும் உரிமையையும் மக்களிடம் விட்டிருந்தார். அவரது அரசியல் பிரவேசத்தை நியாயப்படுத்துவது இதுதான் என்பது எமது எண்ணம்.

மொன்றியலில் எம்மவர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குச் செல்வதும் அவரது அரசின் 101ஆம் சட்டத்தால்தான். ஆகவே இவர் எமக்கு அந்நியரல்லர். புலம்பெயர்ந்த எம்மிடையேயும் செய்தி சொல்பவர், நிதி சேர்ப்பவர், எம் சார்பில் பேசுபவர் என மூவரும் பலவேளை ஒருவரே. கியூபெக் மக்களுக்கிருந்த வாக்குச்சீட்டோ எம்மிடம் இல்லை. 'இல்லை' என்றவனைத் துரோகி என்று ஒதுக்கும் பழக்கம் மட்டும் இருக்கிறது. ஒலிவாங்கியைப் பிடித்தவர் தலைவராகலாம். ஆனால் எந்த ஆசனத்திலிருந்து பேசுகிறார் என்பதை அவர் சொல்லியாகவேண்டும். அவரை மறுத்தவரும் மறுநாள் எம்மோடு அமர்ந்து தேநீர் குடிக்க முடியவேண்டும்.