துணியா, துணிவா?

தலைப்பாகை என்பது என்ன? சில முழத் துணி. வெயிலுக்கு மறைப்பு, வேலைக்குத் துணை. அதில் தெய்வமும் இல்லை, தீட்டும் இல்லை என்போம் நாம். அங்ஙனமாயின், அதனைக் கட்டக்கூடாதென ஒருவனை மற்றொருவன் தடுத்தது ஏன்?

பழைய எபிரேயரைப் பாருங்கள். பொற்பட்டம் பொருத்திய பாகை தலைமைக் குரு ஒருவருக்கே உரியது; ஏனைய குருமாருக்கு வெறும் குல்லாய். துக்கம் நேர்ந்தால் பாகையைக் களைந்து, தலையில் சாம்பலைப் போட்டுக்கொள்வது அம்மக்கள் வழக்கம். வெறுந்தலை துயரின் அடையாளம். ஆனால், அத்துயர் சில நாளில் தீர்ந்தது.

நம் நாஞ்சில் மண்ணிலோ, அது தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்தது! பழைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய மக்களுக்குத் தலைப்பாகை மறுக்கப்பட்டது. வரி வாங்கத் தலை வேண்டும். துணி கட்ட மட்டும் அத்தலை ஆகாது! சாவு விழாத வீட்டிலும் சாகும்வரை துக்கம்!

சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) அவ்வழக்கைத் தலைகீழாக்கினார். வழிபட வரும் ஆடவர் தலைப்பாகை கட்டியே நிற்க வேண்டும் என்றார். இன்றும் அவ்வாறே நிற்கின்றனர். எதிரே சிலை இல்லை, கண்ணாடி. நிமிர்ந்த தன் தலையையே ஒருவன் அங்கே காண்கிறான்.

“வழிபாட்டை மறுக்கும் நமக்கு இதில் என்ன வேலை?” எனத் தோழர் சிலர் கேட்கலாம். வழிபாட்டை ஏற்காமலே அந்த நிமிர்வை ஏற்கலாம். துணிக்குப் புனிதம் இல்லை. தடையை மீறும் துணிவுக்கு மதிப்பு உண்டு.

தடுப்பவன் தந்திரத்தையும் அறிதல் வேண்டும். தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின் 1859இல் வந்த அரசாணை, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது. ஆயினும் மேல்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் கூடாது என்றது. துணியைக் கொடுத்தான், சமத்துவத்தைக் கொடுத்தானா?

எனவே, நமக்கு வேண்டிய உரைகல் ஒன்றே: இது எல்லார்க்கும் உரியதா? எல்லாரும் கட்டலாம் எனில், அது மானம். ஒரு தலையை உயர்த்திப் பல தலைகளைத் தாழ்த்துமெனில், அது ஆணவம். கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு என்பதில் இன்றும் ஊர்கள் பிளவுபடுகின்றனவே, அங்கும் இவ்வுரைகல் பயன்படும்.

மறுக்கப்பட்ட பாகையைக் கேட்டுப் போராடுவது எளிதன்று. அதனினும் அரியது ஒன்றுண்டு. பிறர்க்கு மறுக்கப்படும் பரிவட்டம் நம் தலையைத் தேடி வரும் நாளில், “வேண்டா” எனச் சொல்ல வேண்டும். சொல்வோமா, தோழர்களே?