கண் திறக்கும் தொண்டு

திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயத் திருக்குளம் மண்ணால் தூர்ந்து குறுகிவிட்டதை அறிந்த அவர், அதனைத் தாமே தோண்டி அகலப்படுத்தத் துணிந்தார். குளத்தின் நடுவே ஒரு தறி நட்டார். கரையில் மற்றொரு தறி நட்டார். இரண்டையும் கயிற்றால் இணைத்தார். கயிற்றைத் தடவியபடியே குளத்தில் இறங்கி மண்ணை வெட்டுவார். கூடையில் சுமந்து, அதே கயிற்றைப் பற்றிக் கரையேறிக் கொட்டுவார். முடிவில் இறையருளால் அவர் பார்வை பெற்றார் என்கிறது பெரியபுராணம்.

பார்வை பெற்ற பின்னர் தொண்டில் இறங்கியவர் அல்லர் அவர். தம்மிடம் இல்லாததை எண்ணி ஒதுங்கி நில்லாமல், கைக்கு எட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு தொடங்கியவர். "நான் மருத்துவன் அல்லன், கண்ணற்றோருக்கு என்னால் என்ன செய்ய முடியும்?" என்று தயங்கும் அன்பர்களுக்கு இவ்வடியாரின் வாழ்வே விடை.

கடல் கடந்து வந்த கைகள்

1970களில் இந்தியாவிலிருந்து பெரியம்மையை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் பெருமுயற்சி மேற்கொண்டது. அதில் பணியாற்ற வந்த அயல்நாட்டவருள் அமெரிக்க மருத்துவர் லாரி பிரில்லியண்ட்டும் ஒருவர். இப்பணியில் அவரை ஈடுபடுமாறு பணித்தவர் அவருடைய குருவான நீம் கரோலி பாபா. 1975இல் இந்திய மண்ணிலிருந்து பெரியம்மை அகன்றது. ஒரு நோயை வேரோடு களைய இயலும் என்று கண்டவர்கள் அடுத்துச் செய்யத்தக்கது யாது என்று சிந்தித்தனர். எளிய சிகிச்சையால் நீங்கக்கூடிய பார்வையின்மை அவர்கள் கண்முன் நின்றது. 1978இல் அமெரிக்காவில் அவர்கள் தொடங்கிய அறநிறுவனத்திற்கு நம் நாட்டுச் சொல்லையே பெயராகச் சூட்டினர்: 'சேவா'.

நேபாளத்தில் புத்தர் பெருமான் அவதரித்த லும்பினியை அடுத்துள்ள கண் மருத்துவமனைக்கு அந்நிறுவனம் துணை நின்றது. எல்லைக்கு அப்பாலிருந்து உத்தரப் பிரதேச, பீகார் மாநில ஏழைகளும் அங்கே சென்று பார்வை பெறுகின்றனர். துன்புறும் கண்ணுக்கு நாட்டெல்லை தெரியாது; துடைக்க நீளும் கைக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

மதுரையில் ஒரு கர்மயோகி

சேவாவினர் கைகோத்த மற்றோர் இடம் மதுரை. அங்கே டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரிய வேள்வி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1918இல் எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்த அவர், இளமையில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியபோது கடும் முடக்குவாதத்திற்கு ஆளானார். விரல்கள் வளைந்து கோணின. அவ்விரல்களைக் கொண்டே கண் அறுவையைப் பயின்று தேர்ந்தார். தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். 1976இல், 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கி, தம் வழிகாட்டியான ஸ்ரீ அரவிந்தரின் திருப்பெயரை அதற்கு இட்டார். தம்மை இறைவனின் கருவியாக்கிக் கொள்வதே அவருடைய சாதனையாக இருந்தது. 2006இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வேள்வி தொடர்கிறது.

கண்புரையால் மங்கிய இயற்கை வில்லையை நீக்கிச் செயற்கை லென்ஸைப் பொருத்தினால் பார்வை நன்கு மீளும். 1980களில் வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலையோ நூறு டாலருக்கும் மேல். ஏழைக்கு அது எட்டாக் கனி. அந்நிலையில் சேவாவைச் சேர்ந்தவர்களின் ஒத்துழைப்போடு, 1992இல் மதுரையிலேயே 'அரோலேப்' என்னும் லென்ஸ் தயாரிப்பு நிலையம் உருவாயிற்று. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது.

அயல்நாட்டில் தொண்டாற்ற விழைவோர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி இதில் உள்ளது. சில நாள் தங்கிச் சில நூறு கண்களைத் திறந்துவிட்டுத் திரும்புவது நற்செயலே. எனினும் விருந்தினர் விமானம் ஏறிய பின்னர், சிவந்து வலிக்கும் கண்ணுடன் ஒரு மூதாட்டி வந்தால் அவரைக் கவனிப்பார் யார்? உள்ளூர்க் கைகளுக்குத் திறன் தந்துவிட்டு வருவதே முழுமையான தொண்டு. தண்டியடிகள் நட்ட தறி அவர் கரையேறிய பின்னரும் குளத்தில் நின்றது. நல்ல தொண்டனும் அவ்வாறே பற்றிக்கொள்ள ஒரு கயிற்றை விட்டுச் செல்கிறான்.

கட்டுப் பிரிக்கும் காலை

அறுவைக்கு மறுநாள் காலை கண்கட்டைப் பிரிக்கும் வேளை புனிதமானது. நெடுநாள் இருளில் இருந்தவர் முதலில் தம் விரல்களைப் பார்ப்பார். பின்னர் எதிரே நிற்கும் முகத்தைப் பார்ப்பார். கண்கலங்கிக் கை கூப்புவார். தொண்டனுக்கு மிகப் பெரிய சோதனை அக்கணத்தில்தான் வருகிறது. 'நான் கண் கொடுத்தேன்' என்னும் எண்ணம் எழுந்துவிட்டால், நோயாளியின் விழியில் நீங்கிய புரை தொண்டனின் அகத்தில் படர்ந்துவிடும். புகைப்படமும் பாராட்டும் அதனை மேலும் தடிக்கச் செய்யும்.

இதற்கு மருந்தைச் சுவாமி விவேகானந்தர் அருளியிருக்கிறார். உதவி பெறுபவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். வழிபடும் வாய்ப்பை நமக்கு நல்கிய அவருக்கு நாமே நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது அவருடைய போதனை. கூப்பிய அக்கைகளுக்கு முன்னே தொண்டனும் உள்ளத்தால் கை கூப்புவானாயின், அங்கே இரு கட்டுகள் பிரிகின்றன.

அடுகோடியிலிருந்து எவ்வளவு தூரம்?

பெங்களூரின் அடுகோடி உழைப்பாளர்கள் நிறைந்த பகுதி. 1950களில் அங்கே மைக்கோ ஆலை எழுந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல அவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அன்பர், அயல்நாட்டு இலவசக் கண் மருத்துவ முகாமுக்குச் சென்று தொண்டாற்ற இயலவில்லையே என்று ஏங்கலாம். அவ்வேக்கம் தூயதே. ஆயினும் அவருடைய தெருவிலேயே பார்வை மங்கிய ஒரு மூதாட்டி இருக்கக்கூடும். நாட்கூலிக்குச் செல்லும் மகனின் ஒரு நாள் ஊதியம் போய்விடுமே என்று தம் குறையை வெளியில் சொல்லாமல் சுவரைத் தடவி நடப்பவராக இருக்கக்கூடும். பார்வை இழந்தவருக்கு அடுத்த தெருவே அயல்நாடு!

நூறாண்டு கடந்த மிண்டோ அரசுக் கண் மருத்துவமனை அதே நகரில்தான் இருக்கிறது. ஏராளமான கண் முகாம்களை நடத்திய டாக்டர் எம். சி. மோதி பெயரால் விளங்கும் மருத்துவமனையும் அங்கே உண்டு. மருத்துவரும் லென்ஸும் அங்கே காத்திருக்க, மூதாட்டியை அழைத்துச் செல்ல ஒரு கை மட்டுமே குறைகிறது. பதிவுச் சீட்டுக்கு வரிசையில் நிற்கவும், கன்னடத்தில் கூறப்படுவதைத் தமிழில் எடுத்துச் சொல்லவும், "பயப்படாதீர்கள் அம்மா, வலிக்காது" என்று தேற்றவும், வீடு திரும்பிய பின் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடவும் பட்டம் எதுவும் தேவையில்லை.

கடல் கடந்து செல்லும் வாய்ப்பு ஒருவருக்குக் கிட்டினால் இறைவன் சித்தம் என ஏற்றுச் செல்லட்டும். கிட்டாதவர் தம் வாசலிலிருந்தே கயிற்றின் ஒரு முனையைப் பற்றட்டும். மறுமுனையைப் பற்றியிருக்கும் நடுங்கும் கை நாராயணனுடையதே.