எந்த இலை மஞ்சள்?

போன மே மாதம் எங்கள் வீட்டுத் தொட்டியில் இரண்டு மோலி மீன்கள் செத்துப்போயின. கொன்றது நான்தான். இன்றைக்கு இதை இப்படிச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு என் கையில் ஒரு நோயின் பெயர் இருந்தது.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் அந்தத் தொட்டி இருக்கிறது. சுமார் 50 லிட்டர் தண்ணீர். ஒரு கோல்டு ஃபிஷ், ஒரு கௌராமி, ஐந்து மோலிகள். ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். போனில் தேடினேன்: வெண்புள்ளி நோய். கடையில் சொன்னதும் நீல மருந்து பாட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். சொட்டு எண்ணி ஊற்றினேன். ஏதோ செய்துவிட்ட நிம்மதி. மூன்றாம் நாள் இரண்டு மோலிகள் மிதந்தன.

பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் நான் பார்த்தது எதையுமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. கௌராமி மேலே வந்து காற்றைக் குடிப்பது அதன் இயல்பு. நம்மூர் விராலைப் போல அதற்கும் காற்றில் மூச்சுவிட ஓர் உறுப்பு உண்டு. கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியில் வரிசையாக வரும் புள்ளிகள், இனப்பெருக்கப் பருவத்து ஆணின் அடையாளம். உண்மையான வெண்புள்ளி நோய் என்றால் ரவையைத் தூவியதுபோல உடம்பு, துடுப்பு எல்லா இடத்திலும் இருக்கும். அந்த ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வெளியே வந்து தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். ஆக, நோய் நிஜமாகவே இருந்திருந்தாலும் வைத்தியம் தண்ணீருக்குத்தான்.

ஆனால் மற்ற மீன்கள் மூச்சுக்குத் தவித்தது நிஜம். அன்று இரவு அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் திருவையாறு பக்கம் நாற்பது வருஷம் நெல் போட்டவர். மீன் வளர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பயிர் மஞ்சளாயிருக்குன்னு கடையில போய் நின்னா ஒரு பாட்டில் கொடுப்பான்டா. எந்த இலை மஞ்சள்னு பாக்கணும். அடி இலை மஞ்சளாச்சுன்னா தழைச்சத்து இல்ல. குருத்து மஞ்சளாச்சுன்னா அது வேற. அதுக்கும் முன்னாடி, நேத்து நீ வயல்ல என்ன பண்ணுனேன்னு யோசிக்கணும். நீ என்ன பண்ணுன?"

வடிகட்டியின் பஞ்சைக் கழுவியிருந்தேன். மீன்கள் தவிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அழுக்காக இருக்கிறதே என்று, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று.

மீன்களின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அந்த 'அழுக்கில்' குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. புதுத் தொட்டியில் இந்தக் குடித்தனம் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதை நான் ஐந்து நிமிஷத்தில் காலிசெய்தேன். மிச்சம் இருந்ததை நீல மருந்து முடித்தது. மே மாத வெயில் வேறு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிற தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும்.

சுவாங் ட்சு என்ற சீன ஞானியின் பழைய கதை ஒன்று உண்டு. பாலத்தில் நின்றுகொண்டு, மீன்கள் சந்தோஷமாக இருக்கின்றன என்கிறார் அவர். நீ மீன் இல்லையே, எப்படித் தெரியும் என்று நண்பர் மடக்குகிறார். கல்லூரி நாட்களில் நான் அந்த நண்பர் கட்சி. இப்போது அந்தக் கேள்வி கொஞ்சம் வசதியானதாகப் படுகிறது. 2003-ல் லின் ஸ்னெட்டனும் சக ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தை ஏற்றியபோது, அவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அதற்குமேல் மீனின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் என் மோலிகளைக் காப்பாற்ற மீனின் மனசு தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் கை என்ன செய்தது என்பது ஞாபகம் இருந்திருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விரால் குழம்பு சாப்பிடுகிறவன் மோலிக்கு அழலாமா என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குக் கிடைத்த பதில் அரைகுறையானது. ஆனாலும் சொல்கிறேன்.

நம் டெல்டாவின் பனையேறிக் கெண்டை குளம் வற்றினால் செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நகர்ந்து வேறு தண்ணீர் தேடிப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரப் பட்டையின் பிளவிலிருந்து அப்படி ஒரு மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. மரம் ஏறுமா என்பதில் சந்தேகம் உண்டு. வரப்பைத் தாண்டும் என்பதில் இல்லை. வலையில் சிக்கும் விராலுக்கும் அதுவரை தப்பிக்க ஒரு மடை இருந்தது. என் தொட்டியில் வரப்பே கிடையாது. தண்ணீர் கெட்டால் கெட்ட தண்ணீரிலேயே இருக்க வேண்டும். எல்லா வழியையும் அடைத்து வைத்தவனுக்கு, உள்ளே இருப்பதன் மூச்சுக்குக் கணக்குச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. அந்த உயிர் முப்பது ரூபாய்க்கு வாங்கியது என்பதால் அது குறைவதில்லை.

ஜூனில் மேட்டூர் திறந்து புது ஆற்றில் தண்ணீர் வந்தபோது, மிச்சம் இருப்பவற்றைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றிருந்தது. வாளியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் இவை அயல்நாட்டு மீன்கள். ஆற்றில் செத்தால் என் பாவம். பிழைத்துப் பெருகினால் ஆற்று மீன்களுக்கு நான் செய்த பாவம். வாளியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

இப்போது பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன். வாரம் ஒருமுறை, ஒருநாள் வெளியே வைத்த தண்ணீரைக் கால்பங்கு மாற்றுகிறேன். நீல பாட்டில் பரணில் இருக்கிறது. கௌராமி மேலே வரும்போதெல்லாம் இன்னும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது. எழுந்துபோய், முதலில் தண்ணீரில் கை வைத்துப் பார்க்கிறேன்.