நெறிக்கட்டியில் குடியேறியது

மாசி மகம் முடிந்த மறுநாள். பட்டினச்சேரிக் கரையில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சீடன்: ஐயா, அப்பாவின் வாய்ப்புற்று கழுத்துக்கு இறங்கிவிட்டது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. தொட்டால் வலியில்லை, கல் மாதிரி இருக்கிறது. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் கூடுமிடம் அதுதான் என்றீர்களே, அங்கேயே போய் எப்படிக் குடியேறியது?

குரு: நேற்று திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் வந்தபோது உங்கள் ஆட்கள் என்ன சொல்லி அழைத்தார்கள்?

சீடன்: மாப்பிள்ளை என்று.

குரு: முறை சொல்லி வருபவரை மறிக்கும் கை உண்டா? அங்கே உறவு மெய், அன்பும் மெய். புற்றுக்கும் உறவு மெய்தான் தம்பி, துயரமே அதுதான். அது வெளியிலிருந்து வந்த கிருமியல்ல, அப்பாவின் கன்னத்தில் பிறந்த அணு. உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு அணுவும் உள்ளே என்ன நடக்கிறது என்று மேலே ஒரு சீட்டு நீட்டும். புற்றணு அதைப் பல சமயம் மறைத்துவிடும்.

சீடன்: சீட்டில்லாதவனைப் பிடிக்க மாட்டார்களா?

குரு: அதற்கென்றே இயற்கைக் கொல்லி அணுக்கள் உண்டு. ரத்தத்தில் போகும்போது தட்டணுக்களைப் போர்த்திக்கொண்டு புற்றணு அவற்றுக்கும் தப்பும். என்னை உறங்கவிடாதது இன்னொன்று. கொல்ல வரும் காவல் அணுவான டி அணுவின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் கண்டது. புற்றணு அதை அழுத்திவிடுகிறது. கொல்ல வந்தவன் பக்கத்திலேயே சோர்ந்து நிற்கிறான்.

சீடன்: காட்டிக்கொடுக்கும் பிரேக்கை உடம்பு ஏன் வைத்திருக்கிறது?

குரு: எலியில் அதை நீக்கிப் பார்த்தார்கள். காவல் அணுக்கள் சொந்த மூட்டையும் சிறுநீரகத்தையும் தாக்கின. தன்னைத் தானே தின்னாமலிருக்க உடம்பு வைத்த கருணை அது. அந்தக் கருணையைப் புற்று பிடித்துக்கொண்டது. இதை உடம்பின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சீடன்: பிரேக்கை விடுவிக்க மருந்து?

குரு: நிவோலுமாப். ஹோஞ்சோவுக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது இந்த வழிக்குத்தான். விலைதான் நமக்கு எட்டாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மட்டும், மூன்று வாரத்துக்கொரு முறை, மாத்திரைகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர் நூற்றுக்கு 16 பேர். இதையும் சேர்த்தவர்களில் 43 பேர்.

சீடன்: மற்றவர்கள்?

குரு: அவர்களுக்கு மருந்து கேட்கவில்லை. சிலருக்குப் பிரேக் விட்ட அணுக்கள் குடலையும் தைராய்டையும் தாக்கும். புற்று கழுத்தோடு நின்றிருந்தால் அறுவைதான் முதல் வழி. அதை முதலில் டாக்டரிடம் கேள்.

சீடன்: அப்பா ஜிப்மர் மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்கிறார்.

குரு: நானும் வருகிறேன் என்று சொல். ஸ்கேன் ஃபிலிம்களை எடுத்து வை.