கால் படாத கயிலை

சிவன் கோயில் திருவிழாவிலே கைலாச வாகனம் வெளிவீதி வரும்போது சிறுவர்களின் கண் முதலில் போவது சுவாமியிடம் அல்ல. கீழே மலையைத் தாங்கிக்கொண்டிருக்கும் பத்துத் தலை இராவணனிடமே. தலைகளை எண்ணி முடிப்பதற்குள் வாகனம் அடுத்த மூலைக்குத் திரும்பிவிடும். கைலாயம் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றும் முதற் காட்சி இதுதான். இலங்கை வேந்தன் தன் தோள்வலியால் அசைக்க முயன்று அகப்பட்டுக்கொண்ட மலை.

அம்மலையின் உச்சியில் மனிதர் எவரும் ஏறியதாக இன்றுவரை பதிவு கிடையாது. ஏற முடியாததனால் விட்டார்களா? ஏறக்கூடாது என்று விட்டார்களா? இவ்விரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் சமய வாழ்வில் இவற்றுக்கிடையே பெரிய தூரம் உண்டு. பல் விழுந்தவர் முறுக்கு வேண்டாம் என்பது விரதமாகாது.

திருக்கைலாயம் இமயத் தொடருக்கு வடக்கே, திபெத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 6,638 மீற்றர். எவரெஸ்டுடன் ஒப்பிட்டால் இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் குறைவு. ஆயினும் சிந்து, சத்லஜ், பிரமபுத்திரா, கங்கையிற் போய்ச் சேரும் கர்ணாலி ஆகிய நான்கு ஆறுகளும் அம்மலையைச் சூழ்ந்த பிரதேசத்திலேயே ஊற்றெடுக்கின்றன. சைவர்களுக்கு அது சிவபெருமானின் இருப்பிடம். சமணர்கள் ஆதிநாதராகிய இடபதேவர் முத்தியடைந்த தலமென்பர். திபெத்திய பௌத்தரும், அவர்களுக்கு முன்பே அங்கு வேரூன்றிய பொன் சமயத்தாரும் தத்தம் முறைப்படி வணங்குவர். மலையைச் சுற்றும் பாதை சுமார் 52 கிலோ மீற்றர். அதில் 5,600 மீற்றருக்கும் உயரமான டொல்மா கணவாயைக் கடக்க வேண்டும். பொன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுவார்கள், மற்றவர்கள் வலமாக. எத்தனையோ விடயங்களில் வேறுபடும் இந்நான்கு சமயத்தாரும், சுற்றுவதே வழிபாடு, மேலே ஏறுவதன்று என்பதில் ஒன்றாகவே நிற்கின்றனர்.

ஏற நினைத்தவர்களும் இல்லாமலில்லை. 1926இல் இந்தியாவின் அல்மோராவில் அரச அதிகாரியாக இருந்த ஹியூ ரட்லெஜ் என்ற ஆங்கிலேயர் மலையைச் சுற்றி வந்து ஆராய்ந்தார். உடன் சென்ற கேணல் வில்சன் மேலே போக ஒரு வழி இருப்பதாகக் கருதினார். பனிப்பொழிவு தடுத்துவிட்டது. அங்கே ஏறாமைக்குக் காரணம் வானிலைதான், பக்தியல்ல.

ரெயின்ஹோல்ட் மெஸ்னரின் கதை வேறு. எட்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட 14 சிகரங்களிலும் ஏறிய முதல் மனிதர் என்ற பெருமையை 1986இல் அடைந்தவர் அவர். 1980களின் நடுப்பகுதியில் கைலாயத்தில் ஏறச் சீன அரசு அவருக்கு இடமளித்தது. பலம் இருந்தது, அனுபவம் இருந்தது, அனுமதியும் இருந்தது. அவர் ஏற மறுத்துவிட்டார். பின்னர் 2001இல் ஸ்பானியக் குழுவொன்று ஏறப்போவதாகச் செய்தி பரவியபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். ஏற எவருக்கும் அனுமதி இல்லையென அப்போது சீன அரசு அறிவித்தது. சைவசமயத்தில் பிறவாத ஒருவர் கைலாயத்துக்குச் செய்த மரியாதை இது.

இதனையொத்த இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 8,586 மீற்றர் உயரமான கஞ்சன்ஜங்கா சிக்கிம் மக்களுக்குத் தெய்வமலை. 1955 மே 25ஆம் திகதி ஜோர்ஜ் பாண்ட், ஜோ பிரவுண் என்ற இரு பிரித்தானியர் அதன் உச்சியை நெருங்கினர். சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழே நின்று திரும்பினர். மறுநாள் சென்ற வேறு இருவரும் அவ்வாறே செய்தனர். அந்தச் சில அடிகளை யாரும் காவல் காக்கவில்லை. மிதித்திருந்தாலும் மன்னருக்குத் தெரியவரப் போவதில்லை.

இனி, ஏன் ஏறக்கூடாது? சுவாமி தண்டிப்பார் என்பது பலர் சொல்லும் பதில். அங்கே போனால் நகமும் முடியும் விரைவாக வளரும், ஏறினவர் கிழவராகித் திரும்பினார் என்றெல்லாம் கைத்தொலைபேசியிலே கதைகள் உலாவுகின்றன. இவற்றால் மலையின் பெருமை ஒரு முழமும் கூடவில்லை. நாய்க்குப் பயந்து அடுத்த வளவு மாமரத்தில் கல்லெறியாதவனை நேர்மையானவன் என்று எவரும் சொல்வதில்லை.

இராவணனுடைய கதையும் தண்டனைக் கதையாகவே சொல்லப்படுகிறது. சற்று நின்று பார்த்தால் அவனுடைய பிழை வேறோரிடத்தில் இருப்பது தெரியும். அவன் கயிலையை நாடி வந்தவனல்லன். தன் விமானம் போகும் வழியில் மலை குறுக்கே நின்றது. பெயர்த்து ஒதுக்க எண்ணினான். இறைவன் உறையும் இடம் அவனுக்கு ஓர் இடைஞ்சலாகப்பட்டது. இறைவன் விரலூன்ற அடியில் நெரிந்தான், பாடினான், அருள் பெற்றான். வாளும் நாளும் பெற்றே திரும்பினான். திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் பெரும்பாலும் எட்டாம் பாடலில் அவனை நினைவுகூருவதும் அழிந்தவனாக மட்டும் அல்ல.

காரைக்காலம்மையார் இதற்கு நேர்மாறானவர். பேயுருக் கொண்டு கயிலைக்குச் சென்ற அவரைத் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் இறைவன் வீற்றிருக்கும் மலையில் கால் பதிக்க அவர் மனம் ஒப்பவில்லை. தலையாலே நடந்து சென்றார் என்கிறது பெரியபுராணம். உமையம்மையார் வியந்து கேட்க, 'அம்மையே' என்று இறைவன் அவரை அழைத்ததும் அப்போதுதான். தண்டனைக்கு அஞ்சியவர் வாசலிலேயே நின்றிருப்பார். அவர் உள்ளே போனார், காலை மட்டும் விலக்கிக்கொண்டு.

அப்படியாயின் சிவனொளிபாதமலையில் நாம் ஏறுகிறோமே, அது பிழையா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 2,243 மீற்றர் உயரமான அம்மலையில் பாதம் இருப்பது உச்சியில். ஏறாமல் அங்கே தரிசனம் இல்லை. சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இருளிலே படி ஏறுவது அதற்காகத்தான். கைலாயத்திலோ மலையே சிவம். இலிங்கத்தின் மீது ஏறி நின்று எவரும் பூச்சாத்துவதில்லை. திருவண்ணாமலையிலும் மலையே சிவம். ஆனால் கார்த்திகைத் தீபம் ஏற்ற மேலே போயே ஆகவேண்டும். போகிறார்கள். தீபவிழா முடிந்தபின், மலைமீது கால் பட்டதற்காகப் பிராயச்சித்த பூசை செய்கிறார்கள். ஏறுவதும் தொண்டு, ஏறியதற்கு மன்னிப்புக் கேட்பதும் தொண்டு. இந்த நுட்பத்தை ஒரு சட்டமாக எழுதிவைக்க இயலாது.

எவரெஸ்டில் 1953இல் முதன்முதலாக ஏறிய இருவரின் பெயரை உலகம் அறியும். கைலாயத்தில் அப்படிப் பொறிக்க ஒரு பெயரும் இல்லை. மண்டபத்துத் தூண்தோறும், மின்விசிறி இறகிலும்கூட உபயகாரர் பெயர் எழுதும் இக்காலத்தில், பெயரில்லாத அந்த உச்சியை நினைத்துப் பார்ப்பது நல்லது. கோயில் நிருவாகத்தினரும் இதற்கு விலக்கல்லர்.

இந்திய யாத்திரிகருக்கு 1981இல் மீண்டும் திறந்த வழி 2020இல் மூடப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து செல்வோர் நேபாளம் வழியாகப் போவது வழக்கம். பெருஞ்செலவு, உயரமும் குளிரும் மூச்சுத்திணறலும் வயதானவர்களைக் கடுமையாகத் தாக்கும். ஊரில் ஒருவர் போய்வந்து மானசரோவர்த் தீர்த்தம் கொடுக்கும்போது, போக வழியில்லாத முதியவர்கள் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'எங்களுக்கு இந்தப் பிறவியிலை கொடுத்துவைக்கேல்லை' என்று சொல்வதைக் கேட்கலாம்.

அவர்களுக்கு அப்பர் பெருமான் இருக்கிறார். முதுமையில் கயிலை காணப் புறப்பட்ட அவர், கால் தேய்ந்தபின் கையாலும், கை சிதைந்தபின் மார்பாலும் ஊர்ந்து, அதுவும் இயலாதபோது புரண்டும் சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகும்படி சொன்னபோதும் இணங்கவில்லை. காரைக்காலம்மையார் போக முடிந்தும் கால் வைக்காதவர். அப்பர் போக முடியாமற் கிடந்தும் திரும்ப மறுத்தவர். இறைவன் பணித்தபடி அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர் எழுந்தது சோழநாட்டுத் திருவையாற்றில். அங்கே களிறும் பிடியுமாக, கோழியும் பெடையுமாக, கண்ணிற்பட்ட உயிர்களையெல்லாம் சிவமும் சத்தியுமாகக் கண்டார். எதிரே திருக்கோயிலே கயிலையாகக் காட்சியளித்தது. திருவையாற்றில் அந்த விழா நடப்பது ஆடி அமாவாசையன்று. கீரிமலையில் நம்மவர் பிதிர்க்கடன் செய்யும் அதே நாளில்.