பத்து ரூபாய்க் குதிரை

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. மதியம் இரண்டு மணி வகுப்பு. சாப்பிட்டுவிட்டு வந்த அறுபது பேரில் ஐம்பது பேர் உட்கார்ந்தபடியே தூங்குவோம். அந்த வகுப்பிலிருந்து இன்றைக்கும் ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு குதிரை.

1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 25-ஆவது பிரிவு. சட்டமே கொடுக்கும் உதாரணம் இது. ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்குக் கொடுக்க ஒருவன் ஒப்புக்கொள்கிறான். மனசார ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். விலை குறைச்சல் என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது.

"எவனாவது விப்பானா சார்?" பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"வித்தா செல்லும்ப்பா. அவ்வளவுதான் கேள்வி" என்றார் பேராசிரியர். தூங்கியவர்களும் விழித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எவன் விற்பான்? இருபத்தைந்து வருடம் கழித்து, போன மாதம் நண்பர் வீட்டு ஹாலில் அதற்குப் பதில் கிடைத்தது. குதிரைக்குப் பதில் ஒரு பாட்டு. ரூபாய்க்குப் பதில் டாலர்.

படத்தின் பெயர் 'தி ஹார்டர் தே கம்'. ஜமைக்காக்காரர்கள் தங்கள் மண்ணில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம். வெளிவந்த வருடம் 1972. குதிரைச் சட்டத்துக்குச் சரியாக நூறு வயது. இயக்கியவர் பெரி ஹென்செல். கதாநாயகன் ஜிம்மி கிளிஃப். 2025 நவம்பரில், 81 வயதில் இறந்துபோனாரே, அந்தப் பாடகர்தான். ரெகே என்றதும் நமக்கு பாப் மார்லி படம் போட்ட டீ-ஷர்ட்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மார்லி உலகம் முழுக்கப் பிரபலமாவதற்கு முன்பே ரெகேயைத் தீவுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனது இந்தப் படமும் இதன் பாட்டுகளும்தான். அமெரிக்காவில் 1973-ல் வெளியிட்டபோது, படம் ஆங்கிலத்தில் இருந்தும் அடியில் ஆங்கில சப்-டைட்டில் போட்டார்கள். கிங்ஸ்டன் சேரியின் பேச்சு அப்படி!

நண்பர் வைத்திருந்தது 2019-ல் அமெரிக்காவின் 'ஷவுட் ஃபேக்டரி' வெளியிட்ட மூன்று டிஸ்க் ப்ளூ-ரே. மூல 16 எம்.எம். நெகடிவைப் புதிதாக ஸ்கேன் செய்து எடுத்தது. முன்பு ஒரு தேய்ந்துபோன காப்பியில் பார்த்தபோது எல்லாம் மாலை ஆறு மணி மாதிரி மங்கலாக இருக்கும். இதில் வெயில் வெயிலாகவே இருக்கிறது. தகரக் கூரையின் துரு தெரிகிறது, நெற்றி வேர்வை தெரிகிறது. கீறலையும் தூசியையும் எடுத்தவர்கள், சின்ன ஃபிலிமுக்கே உரிய அந்தப் பொரிப்பொரியான தன்மையைத் தொடவில்லை. கிழவருக்குக் கண்புரை எடுப்பது நியாயம், தலைக்கு டை அடித்துவிடுவது வேறு விஷயம் இல்லையா?

கூடவே ஹென்செலின் இரண்டாவது படமும் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. 'நோ ப்ளேஸ் லைக் ஹோம்'. எழுபதுகளில் எடுக்க ஆரம்பித்து, பணம் தீர்ந்து, ஃபிலிம் சுருள்களும் தொலைந்துபோய், வருடங்கள் கழித்துக் கிடைத்து, 2006-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். அதே வருடம் நவம்பரில் ஹென்செல் காலமானார். அது தனிக் கதை. நாம் முதல் படத்துக்கு வருவோம்.

ஐவன் என்ற இளைஞன் கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு பஸ்ஸில் வந்து இறங்குகிறான். பாட்டி செத்துப்போன செய்தி ஒரு கையில், பாடகனாகும் ஆசை இன்னொரு கையில். இறங்கியதுமே தள்ளுவண்டிக்காரன் ஒருவன் இவன் மூட்டை முடிச்சோடு மாயமாகிறான். வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் 'இல்லை, போ'. கடைசியில் ஒரு பாதிரியாரிடம் எடுபிடி வேலை. அங்கே ஒரு சைக்கிள் தகராறு கத்திக்குத்து வரை போக, தண்டனையாகச் சவுக்கடி. எதால் தெரியுமா? புளியம் விளாரால்! எங்கேயோ கரீபியன் கடலில் இருக்கிற தீவில் நம் ஊர் வாத்தியார்களின் ஆயுதம்.

அடிபட்ட முதுகோடு ஹில்டன் என்கிற இசைத்தட்டு முதலாளியிடம் போகிறான். பாடிக் காட்டுகிறான். பிரமாதமான பாட்டு. பதிவும் ஆகிறது. ஹில்டன் காகிதத்தை நீட்டுகிறார். இருபது டாலர், கையெழுத்துப் போடு. அதோடு பாட்டு என்னுடையது.

ஐவன் மாட்டேன் என்கிறான். அவனே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறான். ஒருத்தரும் தொடமாட்டேன் என்கிறார்கள். ஊரில் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதும் ஹில்டன் கையில்தான். சுற்றிச் சுற்றி அதே கதவுக்கு வருகிறான். இருபது டாலரை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான். கத்தியைக் காட்டி யாரும் மிரட்டவில்லை. பேனாவைக் கொடுத்தார்கள், போட்டான். அவ்வளவுதான்.

இது முழுக்கக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து ஜமைக்காவில் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது சகஜம். ஜிம்மி கிளிஃப்பே கிராமத்திலிருந்து கிங்ஸ்டன் வந்து, பையனாக இருக்கும்போதே லெஸ்லி காங் என்பவரின் கடையேறிப் பாடிக் காட்டி வாய்ப்பு வாங்கியவர்தான். பதிப்புரிமைக்கென்று ஜமைக்கா தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1993-ல்.

சரி, கேள்விக்கு வருவோம். ஐவன் போட்டது சம்மதக் கையெழுத்தா?

என் பேராசிரியரைக் கேட்டால் செல்லும் என்பார். மிரட்டல் இல்லை, மோசடி இல்லை, என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஹில்டனைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். "நானா கூப்பிட்டேன்? அவனாத்தானே வந்தான்!"

அவனாகத்தான் வந்தான். ஆனால் மற்ற கதவுகளை எல்லாம் சாத்தியது யார்?

எனக்கு இந்தப் படத்தின் மையமே இதுதான் என்று தோன்றுகிறது. ஒன்பது கதவைச் சாத்திவிட்டுப் பத்தாவதை மட்டும் திறந்து வைப்பது. உள்ளே வந்தவனிடம், 'உன் இஷ்டப்படிதானே வந்தாய்' என்று கேட்பது. படத்தின் பிற்பகுதியில் இதே வித்தையைப் போலீஸும் செய்கிறது. கஞ்சா வியாபாரத்தில் இறங்கி, போலீஸ்காரர்களைச் சுட்டுவிட்டு ஐவன் தலைமறைவாகிறான். சேரி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. உடனே போலீஸ், தான் கண்டும் காணாமலும் விட்டிருந்த அந்த வியாபாரத்தையே நிறுத்திவிடுகிறது. சேரிக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான். அடுப்பு அணைகிறது. ஒரு சின்னப் பையன் காய்ச்சலில் கிடக்கிறான், மருந்துக்குக் காசில்லை. ஐவனை நேசித்த எல்சாவேதான் கடைசியில் அவன் இருக்குமிடத்தைச் சொல்கிறாள். அவளையும் யாரும் அடிக்கவில்லை. அவளாகப் போய்ச் சொன்னாள்.

எல்சாவைத் துரோகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்படியானால் ஐவனின் கையெழுத்தையும் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நண்பர் படத்தை நிறுத்தினார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அவன் சுட்டதுக்கும் இதே நியாயமாய்யா? வேற வழியில்லாம கையெழுத்துப் போட்டான், வேற வழியில்லாம சுட்டான். வறுமைன்னு சொல்லிட்டா எல்லாம் சரியாப் போச்சா?"

நியாயமான கேள்வி. செத்த போலீஸ்காரர்கள் ஹில்டன் அல்ல. தன்னைக் காட்டிக்கொடுத்ததற்காக ஐவன் தேடிப் போய்ச் சுடுகிறானே, அந்தப் பெண்ணும் ஹில்டன் அல்ல. 1948-ல் போலீஸ் சுட்டுக் கொன்ற 'ரைஜிங்' என்ற நிஜக் குற்றவாளியை வைத்து எழுதிய பாத்திரம் இது. படமும் அவனைப் புனிதனாக்கவில்லை. புது உடை போட்டுக்கொண்டு இரண்டு கையிலும் துப்பாக்கியோடு போட்டோ எடுத்துக்கொள்கிறான். தியேட்டரில் 'ஜாங்கோ' பார்த்து, கடைசி ரீல் வரை ஹீரோவுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறான். அவன் கொலைகாரன் ஆனபிறகுதான் பாட்டு ஹிட்டாகிறது. விற்ற தட்டுக்கெல்லாம் காசு ஹில்டனுக்கு.

நண்பருக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் பிடிபட்டது. நாம் எப்போதும் கையெழுத்துப் போட்டவனைத்தான் குறுக்கு விசாரணை செய்கிறோம். மனசாரப் போட்டாயா, தெரிந்து போட்டாயா, வேறு வழி இருந்ததா? ஒப்பந்தத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான். காகிதத்தை நீட்டியவன். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அவனுக்கு வேறு வழி இல்லை என்பது தெரிந்துதானே அந்த விலையைச் சொன்னாய்?

ஐவன் செய்த கொலைக்கு ஐவன்தான் பொறுப்பு. ஹில்டன் கெட்டவர் என்பதால் அந்தக் கணக்கில் ஒரு பைசா குறையாது. அதேபோல, ஐவன் கொலைகாரன் என்பதால் ஹில்டனின் இருபது டாலர் நியாயமான விலையாகிவிடாது. இரண்டும் இரண்டு பேரேடு. நாம்தான் ஒன்றின் பாக்கியை இன்னொன்றில் கழித்துக்கொள்கிறோம்.

சட்டத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தூங்கிக்கொண்டிருந்ததால் அன்று நான் கேட்காத அடுத்த உதாரணமும் அங்கேயே இருக்கிறது. அதே குதிரை, அதே பத்து ரூபாய். ஆனால் விற்றவன், 'நான் மனசார ஒப்புக்கொள்ளவில்லை' என்கிறான். அப்போது விலை அவ்வளவு குறைவாக இருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதாவது விலையே ஒரு சாட்சி.

அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

எட்டு வருடம் முன்பு என் புத்தகம் ஒன்றுக்காகப் பேட்டிகள் எடுத்தேன். பதிவுகளைக் கேட்டு டைப் அடிக்க ஒரு தம்பி வந்தார். வேலை தேடிச் சென்னைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக அடித்தார். அதோடு நிற்கவில்லை. குழப்பமான இடங்களை அவரே கோத்துக் கொடுத்தார். வாசகர்கள் இன்றைக்கும் பாராட்டுகிற இரண்டு அத்தியாயத் தலைப்புகள் அவர் வைத்தவை. முடிவில் எவ்வளவு என்று கேட்டேன். நம் ஊரில் இல்லாதவன் சொல்லும் அதே பதில்தான் வந்தது.

"நீங்களே பார்த்துக் குடுங்க சார்."

மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பி.காம். அல்லவா! தம்பி சிரித்த முகமாகத்தான் போனார். முன்னுரையில் பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் பெயர் இல்லை.

'பார்த்துக் குடுங்க' என்பதில் முதல் வார்த்தையே 'பார்த்து' என்பதுதான். நான் பார்க்கவில்லை. அவருக்கு அன்றைக்கு வாடகை பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூவாயிரம் போதும் என்று தோன்றியது. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

பழைய நம்பருக்கு அடித்தேன். நல்லவேளை, மாற்றவில்லை. இப்போது நல்ல வேலையில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சே சார். இப்ப எதுக்கு?"

அடுத்த பதிப்பில் பெயர் வரும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பணப் பேச்சை எடுத்தேன். "நீங்களே பார்த்து..." என்று ஆரம்பித்தார். "இல்லை தம்பி, இந்தத் தடவை நீங்க சொல்லுங்க" என்றேன்.

ரொம்ப யோசித்து ஒரு தொகை சொன்னார். நான் மனதில் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை.

அதை மட்டும் அனுப்பியிருந்தால் சட்டப்படி சரிதான். அவரே சொன்ன விலை, அவரே மனசார ஒப்புக்கொண்டது. குதிரையை இரண்டாம் தடவையும் பத்து ரூபாய்க்கு வாங்கியிருப்பேன்.