திருப்பணியில் பழமைக்கு இடமுண்டோ?

பழுதுற்ற ஆலயத்தைச் சீர்செய்வதை ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் பேசுகின்றன. புதிதாகக் கோயில் எடுப்பதினும் இது மேலானது என்பர் பெரியோர். எனினும், சங்கராபுரத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் உத்ஸவம் சேவிக்க வரும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பழுதை நீக்குகிறோம் என்று பழமையையே நீக்கிவிட்டால் அது கைங்கர்யமாகுமோ?

பழையது எதையும் தொடலாகாது என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆலயம் பொருட்காட்சிசாலையன்று, நித்ய ஆராதனம் நடக்கும் இடம். கல் பிளந்தால் மாற்றத்தான் வேண்டும். பாலாலயம் செய்து பணி தொடங்கும் முறையை முன்னோர் வகுத்ததே அதற்காகத்தான். நம் மாவட்டத்துத் திருக்கோவலூரே இதற்குச் சான்று. அங்கே எம்பெருமானுக்கு முன்பு இருந்தது செங்கற்கோயில். அது வெடிப்புற்றதால், 11ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்தில், மிலாடு நாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன் அதைப் பிரித்துக் கருங்கல்லால் எடுப்பித்தான். தான் செய்ததைக் கல்லிலும் எழுதிவைத்தான்.

திருமழபாடி சைவத் தலம். ஆயினும் நமக்கும் அங்கே பாடம் உண்டு. ராஜராஜன் ஆணையால் அக்கோயில் விமானத்தைப் புதுப்பிக்கப் புகுந்தபோது, சுவரிலிருந்த சாசனங்களை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் அவற்றை மீண்டும் வெட்டுவித்தார்கள். தமக்கு முன்னே கொடுத்தவனின் சொல் தம் பணியால் அழியலாகாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

நம் காலத்தில் நடந்தது என்ன? காற்றழுத்தத்தால் மணலை வீசிச் சுவரைச் ‘சுத்தம்’ செய்தார்கள். அழுக்கோடு எழுத்தும் உதிர்ந்தது. கடுக்காய் நீரும் வெல்லமும் கூட்டி அரைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் பூசிய சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லை அரிக்கிறது. மிஞ்சிய இடத்தில் ‘உபயம்’ என்று எனாமல் பெயிண்டில் நம் பெயர்!

பழைய சாசனங்களின் முடிவைப் படித்தவர்கள் அறிவர். இந்தத் தர்மத்தைக் காப்பவனுடைய திருவடி என் தலைமேல் என்று கொடுத்தவன் எழுதிவைப்பான். ஸ்ரீசடாரியைச் சிரசில் ஏற்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இன்னும் பிறவாத நம்முடைய காலை அவன் தன் தலையில் தாங்கினான்! அந்த எழுத்தை மணலால் தேய்ப்பவன் அறியாமல் செய்தாலும், தன்னை நம்பியவனைக் கைவிட்டவனே ஆவான்.

இக்காலத்தில் இது நடக்கக்கூடியதா என்பார்க்குத் திருவரங்கம் விடை. திருச்சி மாநகரின் நடுவே, வீடும் கடையும் நெருங்கிய ஏழு பிராகாரங்களுக்குள், மண் மூடிக்கிடந்த அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார்கள். மழைநீர் வடியும் பழைய வழிகளைச் சீராக்கினார்கள். 2015இல் ஸம்ப்ரோக்ஷணம் நடந்தது. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வந்தது. விருது கிடக்கட்டும், தூர்ந்த நீர்வழியைத் தேடித் திறந்தார்களே, அந்தப் பொறுமை பெரிது.

திருக்கோவலூரில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க மட்டுமே இடமிருந்த இடைகழியில்தான் முதலாழ்வார்கள் மூவரிடையே நான்காமவனாக எம்பெருமான் வந்து நெருக்கினான். கூட்டம் பெருகிவிட்டது, கோயிலில் உள்ள பழைய நடையை இடித்து அகலமாக்குவோம் என்று ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்?